அறுபத்து நான்காம் நாள்

அத்தியாயம் 11

இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மணி ஒன்பதரை. புதன்கிழமை மாலை நான்கரைக்குள் சென்னைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பாங்கின் பிரமாணப் பத்திரம் தாக்கலாக வேண்டும். தாக்கலானால், ஆம்பூருக்கு அப்பால் ஹலீமா பீயின் வீடும் அதை ஒட்டிய, தோல் பதனிடும் டேனரியும் திங்களன்று ஏலத்துக்கு வரும். தாக்கலாகாவிட்டால் ஏலம் நிற்கும்.

அதை எழுத வேண்டியவள் ஹெப்சி. பாங்கின் வக்கீல். கையெழுத்துப் போட வேண்டியவர் ஐசக். அதே பாங்கில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெப்சியின் அப்பா.

சென்ற வாரம் ஹலீமா பீயின் மகன் நிசார் அஹமது தம் வக்கீல் மூலம் தீர்ப்பாயத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். எட்டு வருடம் முன்பு எங்கள் பத்திரத்தை எந்த ஊரில் வைத்து வாங்கினீர்கள்?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. பத்திரத்தைப் பதிவு செய்யாமல், கையில் கொடுத்தே அடமானம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அரசு அறிவித்த ஊர்களில் ஒன்றில் வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடமானம் செல்லாது. வேலூர் அந்தப் பட்டியலில் உண்டு. ஹலீமா பீயின் கிராமம் இல்லை. அதனால் அந்தப் பக்கத்து டேனரிக்காரர்கள் பத்திரத்தைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வேலூர் வருவார்கள். மேனேஜர் மேசைமேல் வைப்பார்கள். காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அன்று யாரும் எதுவும் எழுதுவதில்லை. எழுதினால் முத்திரைத்தாள் பிரச்சினை வரும். மறுநாள்தான் பாங்க் புத்தகத்தில், ‘நேற்று நேரில் வந்து ஒப்படைத்தார்’ என்று ஒரு குறிப்பு ஏறும்.

ஹலீமா பீயின் பெயருக்கு நேரே அப்படி ஒரு குறிப்பு இருந்தது. எழுதியவர் ஐசக்.

“நீ டைப் பண்ணி வை பாப்பா. சாயந்தரம் வந்து கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்,” என்றார் ஐசக். சத்துவாச்சாரி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தினமும் போடுவார்.

“படிச்சுப் பாக்காமலா?”

“நான் எழுதினதை நானே இன்னா படிக்கறது?”

ஜெயசீலி சமையலறையிலிருந்து டிபன் பாக்ஸோடு வந்தார். ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, தொண்ணூத்தி ஏழு. பொங்கல் லீவு முடிஞ்ச மறுநாள். நான் மெட்ராஸ்ல படிச்சிட்டிருந்தேன். அன்னிக்கு அப்பா பாங்க்ல இருந்தாரா, வெளிய எங்கனா போனாரா? உனக்கு ஞாபகம் இருக்கா?”

“அவளை ஏன் கேக்கற?” ஐசக்கின் பிரஷ் நின்றது. “ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தவ. பாங்க் விஷயம் அவளுக்கு இன்னா தெரியும்?”

ஜெயசீலி டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“தயிர் சாதத்துல உப்பு கம்மி. ஊறுகாய் வெச்சிருக்கேன்,” என்றார். பிறகு, “எனக்கு இன்னிக்கு சர்ச்சுல பெண்கள் கூட்டம். சாயந்தரம் ஆயிடும்.”

செவ்வாய்க்கிழமையில் பெண்கள் கூட்டம் நடந்து ஹெப்சி பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட்கவில்லை.

*

பாங்கில் சீஃப் மேனேஜர் விஜயகுமாரி ஹலீமா பீயின் கோப்பை எடுத்து வைத்திருந்தார். எட்டு வருடத்தில் அது மூன்று அங்குலத்துக்குத் தடித்திருந்தது. கடைசி இரண்டு வருடக் காகிதங்கள் எல்லாம் நோட்டீஸ். வெளிநாட்டு ஆர்டர் நின்றதிலிருந்து தவணை வரவில்லை.

ஹெப்சி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். புதிதாக ஒரு கோப்பு வந்தால் அவள் அப்படித்தான் படிப்பாள். இந்தக் கோப்பை இதுவரை அப்படிப் படிக்கவில்லை. அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் தாண்டிப் போயிருந்தாள்.

‘17.1.1997 அன்று திருமதி ஹலீமா பீ வேலூர் கிளைக்கு நேரில் வந்து, தம் பத்திரங்களைக் கள அதிகாரி ஐசக்கிடம் ஒப்படைத்தார்.’ வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. தேதி மறுநாள் தேதி. எல்லாம் முறைப்படி இருந்தது.

நான்கு தாள் தள்ளி வாரிசுச் சான்று. அதன் பின்னால் ஹலீமா பீயின் கணவர் அப்துல் கரீமின் இறப்புச் சான்று. இறந்த நாள் 14.11.1996.

ஹெப்சி பென்சிலை எடுத்தாள். நவம்பரில் பதினாறு. டிசம்பரில் முப்பத்தொன்று. ஜனவரியில் பதினேழு.

அறுபத்து நான்கு.

அவளுடைய பள்ளித் தோழி ஹுமேரா வீட்டில் அத்தை ஒருவர் இத்தா இருந்தார். கணவர் இறந்த பின் நான்கு மாதம் பத்து நாள். அத்தனை நாளும் அவர் வாசலைத் தாண்டவில்லை. அன்னிய ஆண்கள் முன் வரவில்லை. பல்வலி வந்தபோது மருந்து மட்டும்தான் வீட்டுக்குள் போனது.

“மேடம், இதைப் பாருங்க.”

விஜயகுமாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இன்னாம்மா இது, கூட்டல் கணக்கு?”

“பத்திரம் குடுத்தது கரீம் பாய் இறந்து அறுபத்தி நாலாவது நாள். அந்தம்மா இத்தால இருந்திருப்பாங்க. நூத்தி முப்பது நாள் பக்கம் வீட்டை விட்டு வரமாட்டாங்க. அம்பது கிலோமீட்டர் தாண்டி நம்ம பிராஞ்சுக்கு எப்படி வந்தாங்க?”

“அவசரம்னா வெளிய வரலாம்னு சொல்வாங்களே.”

“வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தா அப்பாவுக்கு அது மறக்காது. இத்தாவுலயும் வந்தாங்கம்மான்னு நூறு தடவ சொல்லியிருப்பார். ஒரு தடவகூடச் சொன்னதில்லை.”

விஜயகுமாரி எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவங்க வக்கீல் இந்த இத்தா விஷயத்தை எடுத்தாரா?”

“இல்லை. மெட்ராஸ் வக்கீல். எந்த ஊருன்னு மட்டும் கேட்டிருக்கார்.”

“அப்ப நாம ஏன் எடுத்துக் குடுக்கணும்?”

கூட்டத்தில் பேசச் சொன்னால் ஹெப்சிக்குக் கை வியர்க்கும். இப்போதும் வியர்த்தது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஃபீஸ் குடுக்கறது நீங்க மேடம். அதனால உங்களுக்கு எது நல்லதோ அதைச் சொல்றேன். பொய்யா ஒரு அஃபிடவிட் போட்டு ஏலம் விட்டுடலாம். நாளைக்கு அது உடைஞ்சா, ஏலம் எடுத்தவன் உங்களைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பான். வேற வழி இருக்கு. அந்தம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவோம். தவணையை நீட்டிக் குடுத்து, புதுசா ஒரு அடமானத்தை முறையா ரிஜிஸ்டர் பண்ணிப்போம்.”

“அவங்க எதுக்கும்மா ஒத்துக்கப் போறாங்க? இது செல்லாதுன்னு தெரிஞ்சா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.”

“கேட்டுப் பாத்தாதானே தெரியும். இதுவரைக்கும் நோட்டீஸ்தான் அனுப்பியிருக்கோம். யாரும் போய்க் கேக்கலை.”

விஜயகுமாரி கோப்பை மூடினார். “உள்ளதைச் சொல்றேன் ஹெப்சி. ஹெட் ஆபீஸ்ல இந்த அக்கவுண்ட்டைப் பத்தி வாரம் தவறாம போன். எனக்கு அடுத்த மாசம் ப்ரமோஷன் இன்டர்வியூ. நீ நினைக்கற மாதிரி இருந்தா உங்க அப்பா கதி இன்னா, யோசிச்சியா? பொய்க் குறிப்பு எழுதின ஆபீசர். பென்ஷன்லயே கை வெப்பாங்க.”

“யோசிச்சேன்.”

“யோசிச்சுமா?”

“எங்க அப்பாவே சாட்சின்னு ஆனப்பவே நான் இந்தக் கேஸ்லேர்ந்து விலகியிருக்கணும். அது என் தப்பு. விலகிக்கறேன். அதுக்கு முன்னாடி என் கையால ஒரு பொய் உள்ள போகாது மேடம்.”

விஜயகுமாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறு மணிக்கு நோட்டரியைக் கூட்டிட்டு உன் ஆபீசுக்கு வர்றேன். உங்க அப்பா வேலூர்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா, நான் எடுத்துட்டுப் போவேன். நீ தடுக்கக் கூடாது.”

“அவர் சொல்றதை அப்படியே டைப் பண்றேன்,” என்றாள் ஹெப்சி. “ஆனா கேள்வி கேப்பேன்.”

*

அதே நேரம் ஜெயசீலி ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரம். நீலக் கோட்டுப் பெண்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் உட்கார்ந்த பிறகு ஏழாவதாக ஜெயசீலியை ஏற்றிக்கொண்டார்கள். பாலாற்றங்கரை வந்ததும் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

டேனரி கேட்டில் பாங்க் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உள்ளே எட்டு மர டிரம்களில் இரண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. டேனரியை ஒட்டிய வீட்டுக் கதவை ஜெயசீலி தட்டினார்.

“யாரு?” திறந்த ஹலீமா பீ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அரே! சிஸ்டரா! வாங்க, வாங்க. இன்னா இப்படி இளைச்சுப் போய்ட்டீங்க?”

“நீங்க மட்டும் பயில்வானாட்டமா இருக்கீங்க?”

“எனக்கு சுகர். உங்களுக்கு இன்னா கேடு?”

“எனக்கு வூட்டுக்காரர்.”

ஹலீமா பீ வாயைப் பொத்திச் சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். சிரிப்பு நின்றது.

“நாளைக்கு சாயந்தரம் அஃபிடவிட் போகுதுக்கா,” என்றார் ஜெயசீலி. “நிசாருக்கு அன்னிக்கு நடந்தது தெரியுமா?”

“தெரியாது. அவன் அப்ப கான்பூர்ல வேலைல இருந்தான். வக்கீலும் போன்ல கேட்டாரு, பத்திரம் எப்படிப் போச்சுன்னு. வயசாயிடுச்சு, மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்.”

“ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“வேற இன்னா சொல்றது? கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டுல பங்கு கட்டலைன்னா டேனரிக்குப் பூட்டுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இவர் மௌத்தாகி ரெண்டு மாசம். எத்தினி பாங்க்! ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. பொம்பளை, அதுவும் வெளிய வர முடியாத பொம்பளை, இவளுக்கு யார் கடன் குடுப்பான்னு. உங்க வூட்டுக்காரர் ஒருத்தர்தான் குடுத்தார். தொண்ணூறு பேர் வேலை பொழைச்சுது. அவர் மேல நான் வாயைத் தொறந்தா அல்லா என்னை சும்மா விடுவானா?”

“தொறக்கலைன்னா வீடு போயிடும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இப்படி உக்காந்திருக்கீங்களே.”

“நீங்க மட்டும் இன்னா பண்ணீங்க, இத்தினி வருஷமா? நீங்களும் உக்காந்துதான் இருந்தீங்க.”

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டார். டிரம் சுற்றும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

“இன்னிக்கு எழுந்துட்டேன்க்கா. சாயந்தரம் சொல்லிடப் போறேன். அது உங்க வூட்டு விஷயமும்தான். உங்களைக் கேக்காம சொல்லக் கூடாதுன்னு வந்தேன்.”

“வேணாம்னு சொன்னா?”

“அப்பவும் சொல்வேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு அம்பது கிலோமீட்டர் வந்து கேக்கறீங்க!” ஹலீமா பீ கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று ஜெயசீலிக்குத் தெரியவில்லை. “உங்க வூட்டுக்காரருக்குப் பேஜாராயிடும் சிஸ்டர்.”

“ஆகட்டும். தாங்குவாரு. பொய் சத்தியம் பண்ணிட்டு வந்து பைபிளைத் தொட்டா அதைத்தான் தாங்கமாட்டாரு. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியலை.”

ஹலீமா பீ ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப இதையும் உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. கடன் வாங்கினது நிஜம். அதை இல்லைன்னு நான் எந்தக் கோர்ட்லயும் சொல்லமாட்டேன். டைம் குடுத்தா கட்டுவேன். இன்னா காகிதத்துல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்.”

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் செய்தார். குஸ்காவும் கத்திரிக்காய் பச்சடியும். ஜெயசீலி கிளம்பும்போது மணி மூன்றரை.

வழியில் நாற்கரச் சாலை வேலை. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. நான்கே முக்காலுக்கு பஸ் நின்றது. ஐந்தே காலுக்கும் அதே இடத்தில் நின்றது. ஜெயசீலி கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டார்.

“நான் இன்னா ஆன்ட்டி பண்றது, தூக்கிட்டா போறது?” என்றான் அவன்.

ஜெயசீலி இறங்கி நடந்தார். நெரிசலின் முனை வரை ஒன்றரை கிலோமீட்டர். அங்கே நகர்ந்துகொண்டிருந்த ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்கா என்று டிரைவர் கேட்டான். அவருடைய முகத்தைப் பார்த்து அப்படி நினைத்திருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் பக்கத்தில், என்றார்.

*

ஹெப்சியின் ஆபீஸ் மாடியில் ஒரே அறை. கம்ப்யூட்டர் மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டால் நடக்க இடம் இருக்காது. ஐசக் பாலிஷ் போட்ட ஷூவோடு நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விஜயகுமாரி. நோட்டரி கீழே டீக்கடையில் இருந்தார்.

மூன்று பத்திகள் டைப்பாகியிருந்தன. பெயர், வயது, வகித்த பதவி.

“நாலாவது பத்தியை நீங்க சொல்லுங்கப்பா. நான் அடிக்கறேன்.”

ஐசக் தொண்டையைச் செருமினார். “மேற்படி ஹலீமா பீ, மேற்படி தேதியில், வேலூர் கிளைக்கு நேரில் வந்து…”

ஹெப்சியின் விரல்கள் நகரவில்லை.

“எப்படி வந்தாங்க?”

“கார்ல.”

“யாரு ஓட்டினது?”

“டிரைவர். பேரு ஞாபகமில்லை.”

“எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு இருக்கும்.”

“கரீம் பாய் இறந்து அன்னிக்கு அறுபத்தி நாலாவது நாள்ப்பா. அந்தம்மா இத்தால இருந்தாங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

ஐசக் விஜயகுமாரியைப் பார்த்தார். அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ வக்கீலா பேசறியா, பொண்ணா பேசறியா?”

“வக்கீலா. பொண்ணா பேசினா எனக்குக் குரல் வராதுப்பா.”

“முப்பத்திரெண்டு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினவன் இல்லை நான். அந்தக் கடன்ல ஒரு டீக்காசு எடுத்ததில்லை.”

“தெரியும். ஊருக்கே தெரியும். அந்தம்மாவுக்கு உதவி பண்ணீங்க. அதுல தப்பான எண்ணம் இல்லை. அப்புறம் எதுக்குப்பா இந்த அடம்? யாரைக் காப்பாத்தறதுக்கு?”

ஐசக் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

“வேலூர்னு அடி,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அடி பாப்பா. அதோட முடிஞ்சிடும்.”

“முடியாதுப்பா. நாளைக்கு உங்களைக் கூண்டுல ஏத்தி இதே கேள்வியைக் கேப்பாங்க. நான் ஒரு தடவ கேட்டதுக்கே டிரைவர் பேரு ஞாபகமில்லைன்னீங்க.”

படிக்கட்டில் காலடி கேட்டது. வேகமாக ஏறி, பாதியில் நின்று, மறுபடி ஏறியது. நோட்டரி என்று நினைத்து விஜயகுமாரி கோப்பைத் திறந்தார்.

ஜெயசீலி வாசலில் நின்றார். புடவையின் கீழ் ஓரம் முழுக்கச் செம்மண். மூச்சு வாங்கியது.

“அம்மா! எங்கே போயிட்டு வர்ற?”

“ஆம்பூருக்கு.”

ஐசக் எழுந்தே விட்டார். “ஜெயா, நீ வீட்டுக்குப் போ. இது பாங்க் விஷயம்.”

“போறேங்க. சொல்லிட்டுப் போறேன்.”

“வேணாம் ஜெயா. உன்னைக் கோர்ட்ல ஏத்துவாங்க. வாயில வந்ததைக் கேப்பாங்க.”

“கேக்கட்டும். எத்தினி டாக்டர்கிட்ட பதில் சொன்னவ நான்.” ஜெயசீலி காலியாக இருந்த நாற்காலியை இழுத்து விஜயகுமாரிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். “மேடம், நீங்களும் கேளுங்க. ஹெப்சி, நாலாவது பத்தியை அடி. நான் சொல்றேன்.”

ஹெப்சி விசைப்பலகையில் கை வைத்தாள்.

“அன்னிக்கு ஹலீமா பீ வேலூருக்கு வரலை. அவங்க வூட்டு வாசலைக்கூடத் தாண்டலை. இத்தால இருக்கறவங்க முன்னாடி அன்னிய ஆம்பளை போகக் கூடாதுன்னு இவர் வெளியவே நின்னுட்டார். நைட் டூட்டி முடிச்சு வந்த என்னை அதுக்குத்தான் கூடக் கூட்டிட்டுப் போனார்.” ஜெயசீலி மூச்சை இழுத்துக்கொண்டார். “உள்ளே போய், அந்தம்மா கையிலேர்ந்து பத்திரத்தை வாங்கினது நான்.”